முன்வாசலில் காய்கறி: தாம்பரம் புறநகர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த வீடு தாம்பரத்துக்கு மேற்கே, ஏரிகளை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு ஒன்றில் இருக்கிறது. 2004-ல் கட்டியது. கிழக்குப் பார்த்த வாசல். தெருவோரம் 30 அடி, உள்ளே 14 அடி என்று வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே தாராளமான இடம். ஆரம்பத்தில் அங்கே செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு பவளமல்லி எல்லாம் இருந்திருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் சேற்றை வாரிக்கொட்டியே அலுத்துப்போய், இனி இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முழு இடத்தையும் பேவர் பிளாக் போட்டு மூடிவிட்டார்கள். துளசி மாடம் மட்டும் மிஞ்சியது.

வீட்டில் ஐந்து பேர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அவருடைய கணவர், மகன், மருமகள், பேத்தி. காய்கறி போட வேண்டும் என்று ஆசைப்பட்டது ஆசிரியைதான். மாடியில் போடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு மூட்டு வலி. தினமும் இரண்டு வேளை படியேற முடியாது. மாடியில் பாதி இடத்தைச் சூரிய மின்தகடுகள் வேறு பிடித்துக்கொண்டிருந்தன. ஆக முன்வாசல்தான் மிச்சம். 2022 ஏப்ரலில், எங்கள் பகுதியில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்குக் கூடமாட ஒத்தாசை செய்யும் சிறு குழுவைத் தேடி வந்தார். அந்தக் குழுவில் நான் இருக்கிறேன்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. மாடித் தோட்டம் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதியாயிற்று. தோட்டக்கலைத் துறையே மானிய விலையில் பைகளும் தென்னை நார்க் கழிவும் கொடுத்து ஊக்குவிக்கிறது. மாடியில் மண்ணை நாம் கொண்டுபோய்ப் போடுகிறோம், அதில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். முன்வாசல் அப்படியில்லை. அந்த மண்ணில் இருபது வருடமாகக் கட்டடக்காரர், பெயின்டர், கரையான் மருந்து அடிப்பவர், கழிவுநீர் லாரிக்காரர் என்று பலர் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போனதைத் தெரிந்துகொள்ளாமல் விதை போட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் பார்த்தவை

வெயில் நன்றாகவே இருந்தது. ஏப்ரல் மாதத்தில் காலை ஏழு மணி வாக்கில் தொடங்கி, பன்னிரண்டரைக்குப் பிறகு வீட்டின் நிழல் விழும்வரை ஐந்தரை மணி நேரம் நேரடி வெயில். கீரைக்கு இது தாராளம். காய்களுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும் என்பார்கள். ஆனால் சென்னைக் கோடையில் பிற்பகல் வெயில் படாமல் இருப்பது செடிக்கு நல்லதுதான் என்று அப்போது கணக்குப் போட்டோம்.

வீட்டுச் சுவரின் அடியைக் குனிந்து பார்த்தபோதுதான் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. சுவரும் தரையும் சேரும் இடத்தில், ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாக, கட்டைவிரல் நகம் அளவில் வெள்ளை சிமென்ட் பூசிய வட்டங்கள் வரிசையாகப் போயின. வாசல்படியின் இரு பக்கமும் அப்படித்தான். "அது கரையானுக்கு மருந்து போட்டது தம்பி, மர நிலைப்படியில ஏறிடுச்சுன்னு 2017-ல ஆள் கூப்பிட்டோம்" என்றார் ஆசிரியை. துளை போட்டு மருந்தை உள்ளே செலுத்தி மூடிய அடையாளங்கள் அவை. ரசீதை எடுத்துப் பார்த்தோம். குளோர்பைரிபாஸ் என்று எழுதியிருந்தது.

இரண்டாவது, இரும்பு கேட். வடக்கு மூலையில் இருக்கிறது. பழைய எனாமல் பெயின்டை இரண்டு தடவை சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். சுரண்டிய தூளைக் கூட்டி, மதிலை ஒட்டி பேவர் போடாமல் விட்டிருந்த ஒரு சாண் மண்ணில் தள்ளியிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்த கேட் பச்சை நிறம்.

மூன்றாவது, தெற்கு மதிலோரம் செப்டிக் டேங்கின் மூடி. நான்காவது, கேட்டுக்குப் பக்கத்தில் பேவருக்கு அடியில் சம்ப். ஐந்தாவதாக ஒன்றை ஆசிரியையின் கணவர் நினைவுபடுத்தினார். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபின் கட்டிய வீடு என்பதால் அதற்கான குழியும் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும். பேவர் போட்டதிலிருந்து யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

தண்ணீரையும் பார்த்தோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைப் போர் தண்ணீரில் நனைத்தால் லிட்டருக்கு 1,900 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500-ஐ ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. செடிகளுக்கும் இது ஏறக்குறைய விளிம்பில் நிற்கும் தண்ணீர்தான். பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயம் முதலியவை உப்பைத் தாங்கவே தாங்காது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முழு பேவரையும் பெயர்த்துவிட வேண்டும் என்பது ஆசிரியையின் விருப்பம். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா, நாளைக்கு கார் வாங்கினா எங்க நிறுத்துறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு ஸ்கூட்டர்கள் அங்கேதான் நிற்கின்றன. வடக்கே 10 அடி அகலத்தை வண்டிகளுக்கு விட்டுவிடுவது என்று முடிவானது.

வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடி தூரத்துக்கும் பேவரை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். இதற்குத்தான் வீட்டில் அதிக எதிர்ப்பு. இருப்பதே கொஞ்ச இடம், அதில் மூன்றடி போனால் என்ன மிஞ்சும் என்றார்கள். குளோர்பைரிபாஸ் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும் மருந்து. தண்ணீரோடு அதிகம் நகராது என்பது நல்லதுதான், ஆனால் கரையானுக்கென்று கொடுக்கும் அடர்த்தியில் அது வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அந்த மண்ணில் கீரை போட்டால் வேர் உறிஞ்சுகிறதா இல்லையா என்பதைவிட, மழைத்துளி தெறித்து இலையில் ஒட்டும் மண்ணே எனக்குப் பெரிய கவலை. அதோடு, அந்த இடத்தைக் கொத்திக் கிளறினால் கரையானுக்குப் போட்ட தடுப்பும் உடைந்துபோகும். இரண்டு வகையிலும் நஷ்டம். கடைசியில் அந்த மூன்றடியை நடைபாதையாக வைத்துக்கொள்வது என்று தீர்ந்தது. ஆசிரியைக்கு மண்ணில் கால் வைக்காமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கவும் அது வசதியாகிவிட்டது.

கேட்டுக்குப் பக்கத்தில், பெயின்ட் தூள் விழுந்த பகுதியில், மண்ணைத் தொடாமல் செங்கல் கட்டி ஒன்றரை அடி உயரத்தில் தனித் தொட்டி. அடியில் கெட்டியான தார்ப்பாய், ஓரத்தில் வடிகால் துளை. உள்ளே வெளியிலிருந்து வாங்கிய செம்மண், மக்கிய சாண எரு, கழுவிய தென்னை நார்க் கழிவு. அதிலும் கீரையோ கிழங்கோ கிடையாது, காய் மட்டும். ஈயம் காய்க்குள் போவது மிகக் குறைவு, இலையிலும் வேரிலும்தான் அதிகம் தங்கும். தெருப் புழுதி படியும் இடமும் அதுதான் என்பதால் இந்த முடிவு இரட்டிப்பாகப் பொருந்தியது.

செப்டிக் டேங்க் மூடியின் மேல் எதுவும் நடக்கூடாது. அங்கே வாழை வைத்தால் கொழுகொழுவென்று வரும் என்று கணவர் சொன்னார். வரத்தான் செய்யும். ஆனால் லாரி வரும் நாளில் குழாய் போட வழி வேண்டும். அந்த இடத்தில் நகர்த்தக்கூடிய பைகளை மட்டும் வைத்தோம்.

முருங்கை பற்றியும் ஒரு பேச்சு நடந்தது. கணவருக்கு ஆசை. "வாசல்ல முருங்கையா? வேண்டாங்க" என்று ஆசிரியை மறுத்துவிட்டார். வேதாளம் ஏறும் என்ற நம்பிக்கையை நான் ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன். நடைமுறையில் அவர் சொன்னது சரி. முருங்கை மரம் முறியக்கூடியது, சென்னையின் புயல் காற்றுக்குத் தாங்காது. மழைக்காலத்தில் தண்டில் கொத்தாக மொய்க்கும் கம்பளிப் பூச்சி, பேத்தி விளையாடும் வாசலில் இறங்கினால் பெரிய தலைவலி. அதற்குப் பதில் மதிலோரம் தவசிக்கீரையை வேலிபோல நட்டோம். ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

முதல் ஆண்டு: மண்ணைத் தேற்றியது

2022 ஜூனில் இரண்டு ஆட்கள் வந்து தெற்குப் பக்கம் பேவரைப் பெயர்த்தார்கள். அடியில் இரண்டு அங்குலம் கிரஷர் தூள். அதற்குக் கீழே கிராவல். அதற்கும் கீழே வீடு கட்டிய காலத்துக் குப்பை: அரைச் செங்கல், டைல்ஸ் துண்டு, பூச்சு உதிர்ந்த கட்டிகள், ஒரு முழு சிமென்ட் மூட்டையின் கல்லாகிப்போன அடிப்பாகம். கடப்பாறை பட்டால் நெருப்புப் பொறி பறக்கும் அளவுக்கு இறுகியிருந்தது. ஒன்றரை அடி ஆழம் தோண்டிச் சலித்தோம். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் கார அமிலத் தன்மை (pH) 8.3 என்று வந்தது. சிமென்ட், சுண்ணாம்பு கலந்த மண் காரமாகத்தான் இருக்கும். இந்த நிலையில் இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது; இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

மொத்த மண்ணையும் மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. லாரி மண் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியாது, ஏரி மண்ணாகவும் இருக்கலாம், வேறொரு வீட்டின் இடிபாடாகவும் இருக்கலாம். அதனால் பாதி பழைய மண், பாதி எருவும் செம்மண்ணும் என்று கலந்து, பலதானிய விதைப்பு செய்தோம். நம்மாழ்வார் தமிழ்நாடு முழுக்க எடுத்துச் சொன்ன முறை இது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் என்று ஐந்து வகையிலும் சில சில விதைகளைக் கலந்து தூவி, பூக்கும் நேரத்தில் அப்படியே மண்ணில் மடக்கிவிடுவது. கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, வெந்தயம், கடுகு, சணப்பை, தக்கைப்பூண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டோம்.

ஆசிரியைக்குப் பொறுமை போய்விட்டது. "ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க, நாம ஆடி முழுக்கக் களையை வளர்த்துக்கிட்டிருக்கோமே" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. அவருக்காகச் செப்டிக் டேங்க் மூடிமேல் இருந்த பைகளில் முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்தோம். இருபத்தைந்து நாளில் பறித்து, கூட்டு வைத்து எனக்கும் ஒரு டப்பாவில் கொடுத்தார்.

ஆகஸ்ட் நடுவில் பலதானியத்தை மடக்கினோம். தக்கைப்பூண்டு வேரைப் பிடுங்கிப் பார்த்தபோது கடுகு அளவு முடிச்சுகள் நெருக்கமாக இருந்தன. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர் அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சிவப்புதான் அடையாளம். செத்துக் கிடந்த மண்ணில் அதைப் பார்த்தபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பரில் வெண்டை, கொத்தவரை விதைத்தோம். கத்தரியும் தக்காளியும் நாற்று. வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலே மூங்கில் பந்தல் போட்டுப் புடலையும் பீர்க்கும் ஏற்றினோம். வண்டிக்கும் நிழல், கொடிக்கும் இடம்.

அக்டோபர் மழையில் ஆப்பிரிக்க நத்தை வந்தது. இரவில் டார்ச் அடித்தால் உள்ளங்கை அளவு நத்தைகள் மதிலில் வரிசையாக ஏறின. இளம் நாற்றுகளை ஒரே இரவில் மொட்டையடித்துவிட்டன. ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையையும் முட்டைக்கோஸ் இலையையும் வைத்துப் பொறி வைத்தோம். காலையில் சாக்கைத் தூக்கினால் கும்பலாக இருக்கும். எடுத்து உப்பு நீரில் போட வேண்டியதுதான். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அதன் கோழையில் மனிதருக்கு ஆகாத ஒட்டுண்ணி இருக்கக்கூடும். பேத்திக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. காலையில் பந்தல் ஸ்கூட்டர்மேல் கிடந்தது. மருமகளின் வண்டி, கண்ணாடி உடைந்து, முன்பக்கம் கீறல். வீட்டில் இரண்டு நாள் யாரும் தோட்டத்தைப் பற்றிப் பேசவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டேன். பொங்கலுக்குப் பிறகு கால்களைக் கான்கிரீட்டில் ஊன்றி, இரும்புக் குழாயில் புதிய பந்தல் போட்டார்கள். செலவை ஏற்றுக்கொண்டது மருமகள்தான். வண்டிக்கு அந்த நிழல் அவருக்கும் பிடித்துப் போயிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் தக்காளிச் செடிகள் ஒல்லியாக நெடுநெடுவென வளர்ந்து, பூத்ததெல்லாம் உதிர்ந்தன. உரம் போதவில்லை என்று நினைத்தார்கள். காரணம் நிழல். தெற்குப் பக்கத்து வீடு மாடி வீடு. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். சென்னையில் உச்சிவேளையிலும் ஏறக்குறைய 53 பாகை உயரத்தில்தான் நிற்கும். 24 அடிச் சுவரின் நிழல் நண்பகலில் 17, 18 அடி வடக்கே நீளும். காலையில் இன்னும் அதிகம். ஏப்ரலில் ஐந்தரை மணி நேரம் வெயில் பட்ட பாத்திக்கு மார்கழியில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதே நிழலில் அரைக்கீரையும் கொத்தமல்லியும் புதினாவும் அருமையாக வந்தன.

கோடையில் உப்பு

2023 மார்ச் முடிவில் இலை ஓரங்கள் கருக ஆரம்பித்தன. முதலில் புதினா, அப்புறம் அவரை, அதன்பின் வெண்டை. வெயில் கொடுமை என்று இன்னும் அதிகமாகத் தண்ணீர் விட்டார்கள், இன்னும் கருகியது. பாத்தியின் மேல்பரப்பில் காலை நேரத்தில் மெல்லிய வெள்ளைப் படலம். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, உப்புதான்.

போர் தண்ணீர் ஒரு காரணம். ஆனால் அதைவிட மோசமான ஒன்றை, சிக்கனமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்துகொண்டிருந்தார்கள். சமையலறையின் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினார்கள். அந்த இயந்திரம் உப்பை அழிப்பதில்லை. குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்துக் கழிவுத் தண்ணீரில் சேர்த்துவிடுகிறது. போர் தண்ணீரே 1,900 என்றால் அந்த வாளித் தண்ணீர் 2,700-ஐத் தாண்டியிருந்தது. மீட்டரைக் காட்டியபோது கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தினமும் அவர்தான் ஊற்றியவர். இதை அவர் குற்றமாக நான் பார்க்கவில்லை; செடிக்கு ஊற்றுங்கள் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். நல்ல குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் அது தப்பில்லாமல் போகலாம், உப்புப் போர் உள்ள வீட்டில் அது செடியைக் கொல்லும். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் திருப்பிவிட்டார்கள்.

அடுத்து மூன்று வேலைகள் நடந்தன. மழைநீர்க் குழியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பேவர் மணல் இறங்கி முக்கால்வாசி அடைத்திருந்தது. தூர்வாரி, மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கிளை பிரித்து, இரண்டு பெரிய பீப்பாய்களில் மழைநீர் நிரம்பும்படி செய்தார்கள். கொசு புகாமல் வலை கட்டியாயிற்று. டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வரும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் நேராகப் பாத்திக்குப் போனது. சலவை இயந்திரத்துத் தண்ணீரைச் சேர்க்கவில்லை, சோப்பில் உள்ள சோடியம் மண்ணை இன்னும் இறுக்கிவிடும். பாத்தி முழுக்கத் தென்னை மட்டை நாரும் காய்ந்த இலையும் மூடாக்கு.

பயிரையும் மாற்றினோம். இங்கே ஆசிரியையின் பிடிவாதம் தளர்ந்ததுதான் பெரிய உதவி. அவருக்கு பீன்ஸும் முள்ளங்கியும் பிடிக்கும். அவற்றைக் கோடையில் விட்டுவிட்டார். பருப்புக்கீரை உப்பைப் பற்றிக் கவலைப்படாத பயிர், அந்த வெயிலிலும் தரையோடு படர்ந்து தளதளவென்று நின்றது. கொத்தவரையும் தட்டைப்பயறும் தாக்குப்பிடித்தன. மற்றதெல்லாம் கத்திரி வெயில் முடியும்வரை ஓய்வு.

2023 மழைக்குப் பிறகு போர் தண்ணீர் 1,400 அளவுக்கு இறங்கியது. குழியைத் தூர்வாரியதால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், மழைக்குப் பின் இந்தப் பகுதியில் எல்லா போரிலும் உப்பு குறையும்.

நன்றாக விளைந்த காலம்

2023 ஆடியிலிருந்து நவம்பர்வரை அந்த வாசல் பார்க்கவே அழகாக இருந்தது. பந்தலில் பீர்க்கு. ஆரம்பத்தில் பிஞ்சு வந்து மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தது. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். காலையில் வரும் தேனீக்கு அதில் வேலை இல்லை, அந்தத் தெருவில் மாலை நேரத்துப் பூச்சிகளும் குறைவு. பேத்தி ஆறு மணிக்கு மேல் ஸ்டூலில் ஏறி, ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கி, அடியில் குட்டிப் பீர்க்கோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுவாள். மறுநாள் பூ வாடினாலும் பிஞ்சு பச்சையாகவே நின்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் பீர்க்கு வாங்க அவர்கள் கடைக்குப் போகவில்லை.

தெருவில் போகிறவர்கள் பறித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் ஆரம்பத்தில் இருந்தது. பூ காணாமல் போனது, காய் அவ்வளவாக இல்லை. கேட்டுக்கு வெளியே ஒரு கறிவேப்பிலைச் செடியை வைத்து, யார் வேண்டுமானாலும் கிள்ளிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். பக்கத்து வீட்டுடன் வந்த மனத்தாங்கல்தான் பெரிது. பாத்தித் தண்ணீர் மதிலில் கசிந்து அவர்கள் பக்கம் பெயின்ட் பொருக்கு விட்டது. மதிலுக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடி இடைவெளி விட்டு, ஓரத்தில் செங்கல் அடுக்கி, மதிலுக்கு நீர்க்காப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தபின் அது தணிந்தது. இதை முதலிலேயே செய்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

வெள்ளம்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. தாம்பரத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள் எல்லாம் மூழ்கின. இந்த வாசலில் இரண்டடிக்கு மேல் தண்ணீர் மூன்று நாள் நின்றது. அது வெறும் மழைத் தண்ணீர் அல்ல. தெருவில் எல்லா வீட்டு செப்டிக் டேங்குகளும் நிரம்பி வழிந்து கலந்த தண்ணீர்.

வடிந்தபின் கீரைகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. கழுவிச் சமைத்துவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். தண்ணீர் தொட்ட கீரை, கொத்தமல்லி, புதினா, தரையோடு இருந்த கத்தரி, மிளகாய் அனைத்தையும் பிடுங்கி அகற்றினோம். பந்தலின் மேல், தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்த பீர்க்கை மட்டும் கழுவி வேகவைத்துச் சாப்பிட்டார்கள். சம்ப்பை வடித்து, தேய்த்துக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டார்கள். ஆசிரியை தன் கையால் வளர்த்ததைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார். அருகில் இருந்து பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அமெரிக்க அரசின் இயற்கை வேளாண் விதிகளில், மக்காத பச்சைச் சாணம் இட்டால் மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு 120 நாள், தொடாததற்கு 90 நாள் இடைவெளி வேண்டும் என்று இருக்கிறது. கழிவுநீர் வெள்ளத்துக்கென்று எழுதியது அல்ல. ஆனால் கிருமி மண்ணில் மடிய எவ்வளவு காலம் தேவை என்ற அதே கேள்விக்கான பதில் என்பதால் எடுத்துக்கொண்டோம். மண்ணைக் கிளறி வெயில் காட்டினோம். மீண்டும் பலதானியம், நடுவே செண்டுமல்லி. செங்கல் தொட்டியின் விளிம்பைத் தண்ணீர் தாண்டியிருந்ததால் அதற்கும் அதே விதி. தைப் பட்டம் அந்த வருடம் இல்லை. 2024 ஏப்ரலில்தான் திரும்பக் கீரை விதைத்தார்கள்.

இப்போதைய நிலை

செப்டம்பர் முதல் மார்ச்வரை இந்த வீடு கீரைக்குக் கடையை நம்புவதில்லை. காய்களைப் பொறுத்தவரை நல்ல மாதங்களில் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் சமையலுக்கு வருகிறது. மே மாதத்தில் பருப்புக்கீரையும் தவசிக்கீரையும் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில் பேவர் எடுத்தது, எரு, இரண்டு பந்தல், பீப்பாய், மதில் பூச்சு எல்லாம் சேர்த்துச் செலவு ஐம்பதாயிரத்தைத் தொட்டது. காசுக் கணக்கில் இது திரும்பி வரச் சில வருடம் ஆகும். பணம் மிச்சமாகும் என்று யாராவது முன்வாசலைப் பெயர்க்க நினைத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எந்த மருந்தும் படாத கீரை, ஐந்து நிமிடத்துக்கு முன் பறித்த வெண்டை, மூட்டு வலியோடு தினமும் காலையில் வெளியே வந்து உட்காரும் ஆசிரியை என்று வேறு கணக்கில் பார்த்தால் எனக்குத் தயக்கமே இல்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வெயிலை ஏப்ரலில் மட்டும் பார்த்து முடிவெடுத்தது போதவில்லை. கிழக்குப் பார்த்த வீட்டில் தெற்கே மாடி வீடு இருந்தால், மார்கழி நிழலைக் கணக்கிட்டுப் பாத்திகளை வடக்கே வைத்து, வண்டி நிறுத்தத்தைத் தெற்கே கொண்டுபோக வேண்டும். இந்த வீட்டில் கேட் வடக்கே இருப்பதால் அது முடியாது. கேட் போடும் நிலையில் இருப்பவர்கள் யோசிக்கலாம்.

தண்ணீரை அளந்த அன்றே, வீட்டில் செடிக்கு வேறு எந்தத் தண்ணீரெல்லாம் ஊற்றப் போகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஆர்.ஓ. வாளி ஒரு கோடையைத் தின்றுவிட்டது. இப்போது எங்கள் குழுவில் போகிற ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக் குழாய் எங்கே போகிறது என்பதை முதல் நாளே பார்க்கிறோம்.

வெள்ளம் வரும் பகுதிகளில் கீரையைத் தரையில் போடக்கூடாது என்று இப்போது சொல்லிவருகிறேன். அக்டோபரிலிருந்து ஜனவரிவரை கீரை மூன்றடி உயர மேடையிலோ மாடிப்படி ஓரத்திலோ பைகளில் இருக்கட்டும், தரையில் கொடிகளும் கத்தரியும். இந்த வீட்டில் 2024 மழைக்கு முன் அப்படி மாற்றிவிட்டார்கள்.

கரையான் மருந்துக்காரர் அடுத்து எப்போது வருகிறார் என்பது இன்னும் தீராத விஷயம். நிலைப்படியில் மறுபடி மண் கோடு தெரிகிறது என்று போன மாதம் ஆசிரியை சொன்னார். மருந்தைச் சுவரோரம் மட்டும், பேவர் உள்ள மூன்றடிக்குள் மட்டும் செலுத்த வேண்டும், பாத்திப் பக்கம் தெளிக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நிலைப்படியை மரத்திலிருந்து கிரானைட்டுக்கு மாற்றிவிட்டால் மருந்தே வேண்டாமே என்பது மகனின் யோசனை. அதற்கான விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.